எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்த பெட்டி

அரகாட்ஸ் மலைக்கு வாரம் ஒருமுறை
ரொட்டி, மண்ணெண்ணெய், தபால் ஏற்றிப் போனவன் நான்.
இறங்கும்போது ஒரு மரப்பெட்டி இருக்கும்,
கறுப்புத் தாளில் சுற்றிய கண்ணாடித் தகடுகள்.
"திறந்துவிடாதே வராஸ்தாத்,
வெளிச்சம் பட்டால் மூன்று மாதத்து வானம் போய்விடும்"
என்பார் ஹைகனூஷ்.

வானத்திலிருந்து ஏதோ விழுந்துகொண்டே இருக்கிறதாம்.
கூரையைத் துளைத்து, பனியைத் துளைத்து,
நம்மையும்.
எனக்கு வலிக்கவில்லையே என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

அந்த நிலையத்துக்கு ஏறிவந்த முதல் பெண்.
ஆண் அளவு பூட்ஸில் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு
ஜூன்வரை விலகாத பனியில் நடந்தார்.
கீழே யெரெவானில் நுண்ணோக்கிமேல் குனிந்தால்
பொழுது போவது தெரியாது.
ஒரு மயிரிழை அகலத்தில் எத்தனை கறுப்புப் புள்ளி?
காலடி பார்த்துக் கரடியின் எடை சொல்வோமே,
அப்படித்தான் என்றார்.

ஐம்பத்து மூன்றில் ஒரு தடம் கண்டார்.
யாரும் அதுவரை பார்த்திராத எடை.
மாஸ்கோவிலிருந்து தந்தி. நிலையத்தில் கொன்யாக்.
எனக்கும் ஒரு கோப்பை.

பனிக்காலத்தில் ஒருநாள் என் வண்டிக்கொட்டகைக்கே வந்தார்,
தூங்காத கண்ணோடு.
ஒரே கேள்வி:
"போன மார்ச்சில் பெட்டியை எங்கே வைத்தாய்?"

அன்று காற்று கத்தியாய் அறுத்தது.
கண்ணாடி விறைத்து உடையுமே என்று
எஞ்சினுக்குப் பக்கத்தில், என் ஆட்டுத்தோல் கோட்டில் பொதிந்து
பச்சைப்பிள்ளைபோல் கொண்டுவந்தேன்.
பெருமையாகவே சொன்னேன்.

வண்டியின் மூக்கில் கைவைத்தபடி நின்றார்.
"சூட்டில் புள்ளிகள் அழியும்.
வந்தது பழைய துகள்தான்,
வழியில் இளைத்துவிட்டது."

பெரிய மண்டபத்தில், தந்தி அடித்தவர்கள் முன்னால்,
தன் துகள் இல்லை என்று தானே சொன்னார்.
கடைசி வரிசையில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு
என் பெயர் வரக் காத்திருந்தேன்.
"தகடுகள் சூடேறியதைக் கவனிக்காதது என் பிழை."
உட்கார்ந்துவிட்டார்.

மறுவாரம் என் கையில் ஒரு வெப்பமானி.
இரண்டு ஆண்டு, ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி வாசித்தேன்.
வேண்டுமென்றே சுட்டோம், வேண்டுமென்றே உறையவிட்டோம்.
எத்தனை டிகிரிக்கு எத்தனை புள்ளி சாகும் என்ற அவருடைய அட்டவணையை
அவருக்கு அனுமதி கிடைக்காத ஊர்களிலும்
சுவரில் ஒட்டியிருந்தார்களாம்.

முப்பத்திரண்டு பக்கம்.
எனக்குப் புரிவது ஓர் அடிக்குறிப்பு மட்டும்:
வெப்ப அளவீடுகள், வ. மெலிக்செத்யான், ஓட்டுநர்.
விரல் பட்டுப் பட்டு அந்த வரி மங்கிக் கிடக்கிறது.
சூடுதான், வேறென்ன.