பைய விடு

தக்கலையில், டயர் கடையை ஒட்டிய ஷெட்டில்
பகலெல்லாம் குழிக்குள் நிற்கிறேன்.
தலைக்கு மேலே கார்கள். அவற்றின் அடிவயிறு எனக்கு மனப்பாடம்.
கேம்பர், காஸ்டர், டோ,
மூன்றும் திரையில் பச்சையானால் ஏறி வெளியே வருவேன்.
முன்னூற்றைம்பது ரூபாய். பில் கேட்டால் வரி தனி.

சொந்தமாய்க் கார் கிடையாது.
ஆனால் இரவு பத்தரைக்கு மேல்
துணி தேய்க்கும் மேசையில் ஸ்டியரிங்கை இறுக்கி,
பெடல் பலகை பின்வாங்காதிருக்க
சுவருக்கும் அதற்கும் நடுவே செத்த பேட்டரி ஒன்றைச் செருகி
இருநூற்று நாற்பதில் வருகிறேன்
பெயர் வாயில் நுழையாத ஒரு காட்டுக்குள்.
இருபுறமும் நம்மூர் ரப்பர் மாதிரியே மரங்கள் ஓடும்,
சிரட்டை மட்டும் கட்டியிருக்காது.

ஏழாம் வளைவு.
எனக்கும் அதற்கும் மூன்று வாரமாய்ப் பேச்சுவார்த்தை இல்லை.
நான் வலப்பக்கம் திருப்புகிறேன்,
மூக்கு நேரே போகிறது,
கல்யாண வீட்டில் கண்டும் காணாமல் போகிற சொந்தக்காரனைப் போல.

தொழில் தெரிந்தவன் அல்லவா. கருவியை எடுத்தேன்.
முன் ஆன்டி-ரோல் பாரில் இரண்டு கிளிக் தளர்த்தினேன்.
பின் இறக்கையைச் சாய்த்தேன்.
முன் டயரில் காற்றைக் குறைத்தேன், கூட்டினேன், குறைத்தேன்.
பிரேக் பங்கை அரை சதவீதம் பின்னால் தள்ளினேன்.
இன்னும் அரை.
மூக்கு திரும்பியது,
கூடவே வாலும்.
சரளையில் பின்பக்கமாய்ப் போகையில்
வந்த வழி முழுதும் தெளிவாய்த் தெரிந்தது.

சேமித்த கோப்புகளின் பெயர்கள்:
கடைசி. கடைசி இரண்டு. இனி தொடமாட்டேன்.
இனி தொடமாட்டேன் நான்கு.

ஜினிஷா கருங்கல்லில் பல் வார்க்கிறாள்,
யார் யாரோ வாய்க்கு, மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு பார்த்து.
அதே கார், அதே வளைவு, என்னைவிட எட்டுப் பத்திலொரு வினாடி முன்னால்.
மானத்தை மடித்து வைத்துவிட்டுக் கேட்டேன்: என்ன செட்டப்?
ஒரு மணிக்குப் பதில் வந்தது:
'நீ முதல்ல அனுப்பினதுதான். நான் ஒண்ணும் தொடல்ல.'

நான் தூக்கி எறிந்தது.

கூடவே இரண்டு பிரேக் வரைபடங்கள் அனுப்பியிருந்தாள்.
என் கோடு முட்டம் பாறை,
உச்சியிலிருந்து ஒரே விழுதலில் கடலுக்கு.
அவள் கோடு சொத்தவிளை மணல்,
இறங்குவது தெரியாமல் இறங்கி
நனைந்த பிறகுதான் கரை முடிந்தது தெரியும்.
கீழே இரண்டே சொல்:
'பைய விடு.'

எனக்குத் தெரியாததா?
பிரேக்கில் முன்பாரம் அழுந்துகிறது, டயர் கடிக்கிறது.
சட்டென்று விட்டால் மூக்கு எம்புகிறது, கடித்த பிடி போகிறது.
வாடிக்கையாளருக்கு நானே சொல்வேன்.
தெரிந்தது தலைக்கு;
காலுக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் கோப்பைத் திறந்தேன்.
நூறு மீட்டர்ப் பலகையில் முழு மிதி.
பிறகு, கை எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவே கால் எழ,
தூங்கிப்போன பிள்ளையின் தலைக்கடியிலிருந்து
கையை உருவுகிறாற்போல.
இருபத்தாறு முறை பிள்ளை விழித்துக்கொண்டது.

இருபத்தேழாவதில்
மூக்கு தானாய் உள்ளே வந்தது.
நான் ஒன்றும் செய்யாத மாதிரி இருந்தது.
திரை ஓரத்தில் பச்சை: மூன்று, நான்கு, ஆறு பத்திலொரு பங்கு.
எட்டு. ஒன்பதாம் வளைவு. பத்து.
கரண்டு போயிற்று.

இருட்டில் மின்விசிறி சுற்றி ஓய்கிறது.
வெளியே ஓட்டின்மேல் மழை.
கால் மட்டும் பெடலில்,
இல்லாத வளைவொன்றுக்கு இன்னும் எழுந்துகொண்டிருந்தது.

காலையில் வில்லுக்குறியிலிருந்து ஒருவர் வந்தார்.
'நிறுத்தும்போ வண்டி மண்டைய ஆட்டுகு, பாத்துத் தாரும்.'
குழியில் இறங்கினேன். மூன்றும் பச்சை.
புஷ்களும் சரி, ஷாக்கும் சரி.
அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து
குமாரகோயில் விலக்குவரை ஓட்டினேன்.
நிறுத்தினேன். டேஷ்போர்டின் மேலிருந்த
குப்பித் தண்ணீர்கூட அலையவில்லை.
'இப்ப ஆட்டல்லியே! என்ன செஞ்சீரு?'

கால் என்று சொல்ல வாய் வந்தது.
விடவில்லை.
முன்னூற்றைம்பது வாங்கினேன்.
பில் கேட்கவில்லை.