வடக்கு அறை

ஜனவரி ஒன்பது, விடிவதற்குச் சற்று முன்
நிலவறையில் ஃபர்னஸ் ஒருமுறை இருமி
அடங்கிப்போனது.
ஏரியிலிருந்து கிளம்பிய காற்று
டுலூத்தின் மேட்டுத் தெருக்களில் ஏறி
எங்கள் கதவிடுக்கைத் தேடிக்கொண்டிருந்தது.
கம்பளிக்கு மேல் கம்பளி போட்ட வெர்னர்
இருபத்தாறு வருடம் உழைத்த இரும்பை
ஓர் உதை உதைத்தான்.
பதில் சொல்ல அதற்கு உயிரில்லை.

மூன்று பேர் வந்தார்கள், மூன்று விலை.
முதலாமவன்: பழையபடி எரிவாயுவே இருக்கட்டும்,
தெரிந்த பேய்தானே.
இரண்டாமவள், ரொவீனா:
அறைக்கு ஒரு வெள்ளைப் பெட்டி சுவரில்,
ஆளுக்கொரு ரிமோட்,
கோடையில் குளிரும், பனியில் சுடும்,
தரைக் குழாய்களை அடைத்துவிடலாம்.
வெர்னருக்குப் பிடித்துப்போனது.
அறுபத்தெட்டுக்கும் எழுபத்திரண்டுக்கும் நடுவே
பதினெட்டு வருடம் குடித்தனம் செய்தவர்கள் நாங்கள்.
நான் வியர்த்துப் போர்வையை உதைக்கும் இரவில்
அவன் காலுறையோடு உறங்குவான்.
தாழ்வாரத்துத் தெர்மோஸ்டாட்டில்
எங்கள் இருவர் விரல்ரேகையும்
ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்திருக்கும்;
வேறெங்கும் அவ்வளவு நெருங்காத வருடங்களும் உண்டு.

மூன்றாமவர் கோர்டி. பேச்சு குறைவு.
விலை சொல்லுமுன் வீட்டைக் கேட்கவேண்டும் என்று
மண்டியிட்டு உட்கார்ந்தார்.
எந்த அறை சூடாவதில்லை?
வடக்கு அறை, மகளுடையது.
ஆறு குளிர்காலமாய் இதே கதை:
ஜன்னலை மாற்றினோம், கூரைக்கடியில் பஞ்சு திணித்தோம்,
ஃபர்னஸைத் திட்டினோம்.
சிக்னி ஒருநாளும் குளிர்கிறதென்று சொன்னதில்லை.
பிடிவாதக்காரி என்று விட்டுவிட்டோம்.

கட்டிலை நகர்த்தினார்.
தரையில் காற்றுவாயின் சல்லடைமூடி,
நான்கு திருகில் மூன்று இல்லை.
முழங்கை வரை கையை விட்டு
ஒவ்வொன்றாக எடுத்தார்:
பச்சைக் கையுறை ஒன்று, எட்டு வயதுக்கானது.
பள்ளி ஸ்வெட்டர்.
காதறுந்த முயல் பொம்மை.
தொலைந்ததென்று நான் தேடிய துவாலை,
நான்காய் மடித்து, ஓரங்களை இடுக்கில் செருகி,
அத்தனை நேர்த்தியாக.

கோர்டி எதுவும் கேட்கவில்லை.
கீழே சமையலறையில் வெர்னர் போனில்
வங்கிக் கடனுக்கு வட்டி விசாரிப்பது
அந்தத் துளைவழி ஏறி வந்தது,
ஓர் எழுத்தும் சிதையாமல்,
என் தோளருகில் நின்று சொல்வதுபோல.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு பிப்ரவரி.
அதே சமையலறை மேசையில்
வீடு யாருக்கு, பிள்ளை யாருக்கு என்று
குரல் தாழ்த்தி, நாகரிகமாகப்
பேசினோம் பதினோரு இரவு.
பக்கம் பார்த்துப் பேசு என்பார்கள்.
பக்கம் பார்த்துத்தான் பேசினோம்.
மேலே பார்க்கத் தோன்றவில்லை.

பள்ளிவிட்டு வந்தவள்
கட்டில்மேல் வரிசையாய்க் கிடந்தவற்றைப் பார்த்தாள்.
கையுறைக்குள் விரல் நுழைத்தாள்,
இரண்டுக்குமேல் போகவில்லை.
“எது வாங்கப்போறீங்க?”
உனக்கென்று ஒரு பெட்டி, உனக்கென்று ரிமோட்,
இந்தக் குழாயை அடைத்துவிடுவோம், என்றேன்.
“அடைக்க வேணாம்.
காலையில காபி வாசனை இதுவழியாத்தான் வரும்.”
நீயே அடைத்துத்தானே வைத்திருந்தாய்?
“துவாலை சத்தத்தைத்தான் நிறுத்தும், அம்மா.”

பழைய குழாய்களை அப்படியே வைத்துக்கொண்டு
வெளியே லைலாக் புதரோரம் ஒரு ஹீட் பம்ப்,
கடுங்குளிரில் அதற்குக் கைகொடுக்கச் சிறிய ஃபர்னஸ்:
கோர்டியின் கணக்கு, மூன்றிலும் அதிக விலை.
கையெழுத்திடும்போது வெர்னர்
மை தீர்ந்துவிட்டதென்று வேறு பேனா கேட்டான்.
தீரவில்லை. நான் பிறகு எழுதிப் பார்த்தேன்.

மார்ச் முதல் வாரம்.
இயந்திரம் ஓடுவதே தெரியவில்லை.
பாத்திரம் துலக்கியபடி வெர்னர் என் பக்கம் குனிந்து
ஏதோ சொன்னான். அவன் தங்கையின் நாய்,
அதற்கு அறுவைசிகிச்சை, அவ்வளவுதான்.
பழக்கத்தில் குரல் தாழ்ந்துவிட்டது.

மேலே தகரத்தில் இரண்டு தட்டு.
“கேக்கல,” என்றது காற்றுவாய்.
ஈரக் கையோடு நின்றவன்
நாயின் கதையை
முதலிலிருந்து, உரக்க, ஆரம்பித்தான்.