மாயா

ஏழாவது வாரம், இரவு ஒன்பதரை.
ஈசூனில் என் வீட்டில் ஒரு டிவி,
மார்சிலிங்கில் ஃபௌசியா வீட்டில் ஒரு டிவி,
நடுவில், ஸ்பீக்கரில் போட்ட போன்.
விளம்பரம் வந்தால்தான் பேசுவது என்று ஒப்பந்தம்.
முதல் நிமிடத்திலேயே மீறுகிறாள்:
"இப்போது வந்தாளே, அது நீயா நானா?"

தகவல் சேகரிக்க வந்த பெண்ணிடம்
தனித்தனியாகத்தான் சொன்னோம்.
ஆளுக்கு மூன்று மணி நேரம்,
அரை டின் பிஸ்கட், கறை பிடித்த படங்கள்.
இரண்டு மாதம் கழித்து அழைத்தாள்.
"பட்ஜெட் இல்லை ஆன்ட்டி.
பின்னால் நின்று பாட ஒரு நடிகைதான்.
உங்கள் ரெண்டு பேரையும் சேர்த்து ஒருத்தியாக்கிவிட்டோம்."

மாயாவுக்கு என் அப்பா,
செம்பவாங் கடற்படைத் தளத்தில் கொதிகலன் பழுதுபார்ப்பவர்.
மாயாவுக்கு ஃபௌசியாவின் கோபம், ஃபௌசியாவின் முடி.
மாயா பேசும் செந்தமிழ் மட்டும்
யாருடையது என்று தெரியவில்லை.
ஒத்திகையில் நாங்கள் திட்டிக்கொண்டது மலாயில்.
பாடியது ஆங்கிலத்தில்.
சம்பளம் கேட்டது
எந்த மொழியிலும் எடுபடவில்லை.

பச்சை வெல்வெட் கவுனில் ஜொலிக்கிறாள் மாயா.
எங்களுடையது திரைச்சீலைத் துணி,
ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி விற்றுப்போனது.
மூன்றாவது பாட்டுக்குள் வியர்வையில் சாயம் இறங்கும்.
கையைத் தூக்கி ஆடாதே என்பாள் ஃபௌசியா.
தூக்காமல் எப்படி ஆடுவது அந்தப் பாட்டுக்கு?

இன்று இசைத்தட்டு வெளிவரும் கட்டம்.

மழையில் நனைந்து கம்பெனிக்குள் நுழைகிறாள் மாயா,
மேசைமேல் தட்டை வைக்கிறாள்.
"என் பெயர் எங்கே?"
முதலாளி தலைகுனிகிறார்.
அடுத்த காட்சியில் புது லேபிள்,
பொன்னெழுத்தில் அவள் பெயர்,
வயலின் நாற்பது.

நாங்கள் எந்த அறைக்குள்ளும் நுழையவில்லை.
செல்வினுக்குத் தொண்டை கட்டி
இரண்டாம் சரணத்திலிருந்து நாங்கள்தான் பாடினோம்.
லேபிளில் 'செல்வின் துரைராஜ் குழுவினர்'.
கடைசி பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு
விளக்குக் கம்பம் கடக்கும்போதெல்லாம்
இன்னொருமுறை வாசித்தோம்,
அடுத்த வெளிச்சத்திலாவது இருக்கும் என்பதுபோல.

போன் அமைதியாக இருக்கிறது.
பிறகு ஃபௌசியா:
"போகட்டும். இல்லாத ஒருத்திக்காவது கொடுத்தார்களே."

பாட்டு வருகிறது. மாயா மைக்கின் முன் 'ஊ' என்கிறாள்.
அழகான குரல்தான். ஆனால் ஒன்று.
மேலே நான், கீழே அவள்,
நடுவில் ஒரு விரற்கடை இடம், அதுதான் பாட்டு.
ஒரு தொண்டையில் இரண்டு சுரம் நிற்காது.
கீபோர்டை வைத்து அடைத்திருக்கிறார்கள்.

யார் தொடங்கியது என்று சொல்ல முடியாது.
போனில் கீழ்ச்சுரம் கரகரத்து வருகிறது.
நான் மேலே ஏறுகிறேன், முன்பு ஏறிய உயரத்தில் பாதி.
போன் அரை நொடி பிந்துகிறது.
நான் ஓடுகிறேன் என்கிறாள்.
அவள் இழுக்கிறாள் என்கிறேன்.
ஐம்பத்தைந்து வருடமாக இதே சண்டை,
அப்போது குற்றம் சொல்ல போன் இல்லை.

பெயர்கள் உருளத் தொடங்குகின்றன.
"தமிழில் என்னவோ போட்டானே, என்ன அது?"
"பாத்திரங்கள் யாவும் கற்பனையாம்."
"அப்படியென்றால் என் முழங்கால் யாருக்கு வலிக்கிறது?"

அடுத்த வார முன்னோட்டம்.
பெட்டியோடு படியிறங்குகிறாள் மாயா.
பின்னால் டிரம்ஸ் குச்சி ஒன்று உருண்டு விழுகிறது.
குழு உடைகிறது.

முதலில் விலகியது யார் என்று
நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.
நிக்கா, மாமியார், ஆசிரியர் பயிற்சி, எழுபத்தொன்று,
எல்லாம் பேசியிருக்கிறோம்,
அதைத் தவிர.

திரையில் மாயா வாசலைத் தாண்டிவிட்டாள்.
திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளைக்குக் கண் ஆஸ்பத்திரி," என்கிறாள் ஃபௌசியா.
"எட்டு மணி. டாக்சி நீ கூப்பிடு."