முறுக்கு விடும் இடம்

இரண்டு இரவு விடாமல் பெய்தது.
டவி ஆறு கடலில் சேர்வதைப் பார்க்கத் தோதான அந்தப் புல்சரிவில்
திங்கட்கிழமை காலை
பதினொரு கேரவன்கள்,
தேய்க்காத பல்வரிசை போல.

மேலே வாசலில் க்விலிம், டிராக்டர்மேல்.
இழுத்துவிட வண்டிக்குப் பத்து பவுண்டு.
மழையை அவன் வரவழைக்கவில்லை.
வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

ஏப்ரலில் இட்வாலுக்கு வலிப்பு வந்தது,
சூப்பர்மார்க்கெட்டில், முட்டை அடுக்கின் முன்னால்.
மே மாதம் கடிதம் வந்தது:
ஓட்டுநர் உரிமத்தை உறையில் போட்டு அனுப்பவும்,
ஓராண்டு கழித்து எழுதவும்.
இருபத்தாறு வருடம் அவன் ஓட்டினான்,
நான் வரைபடம் மடித்தேன்.
இப்போது வரைபடம் அவன் மடியில்,
தலைகீழாக.

நிறுத்தி, கிளட்சை மிதித்து, நியூட்ரல்.
குமிழைக் கடைசிவரை திருப்பினேன்:
நான்கு சக்கரமும், தாழ்ந்த கியரும்.
பச்சை விளக்கு சிமிட்டியது, யோசித்தது.
அடியில் எங்கோ பல்லோடு பல் சேரும் சத்தம்.
சிமிட்டல் நின்றது.

முதல் கியர் வேண்டாம்,
அந்த முரட்டுத்தனத்துக்குச் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும்.
இரண்டாவது.
கிளட்சை விட்டுவிட்டுக்
காலை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.
சும்மா இருப்பது எத்தனை கஷ்டம் என்று
என் வலது காலைக் கேளுங்கள்.

ஒன்றரை டன் வீடு கிளம்பியது,
தட்டுகள், ஈரத் துண்டுகள், பாதி தின்ற பாலாடைக்கட்டியோடு.
இடது பின்சக்கரம் சேற்றை வாரி ஜன்னலில் அப்பியது,
முன்சக்கரங்கள் எதையோ பற்றிக்கொண்டன.
ஒரு செம்மறி ஆடு கூடவே நடந்து வந்து
பாதி வழியில் சலித்துத் திரும்பியது.
வாசலில் க்விலிம் தொப்பியைத் தொட்டான்.
மரியாதைதான்.
பத்து பவுண்டு போன வருத்தமும் அதில் இருந்தது.

தார்ச்சாலையில் இடது பக்கம் திருப்பினேன்.
வண்டி நொண்டியது.
டயர்கள் கிறீச்சிட்டுத் துள்ளின.
மறந்தே போனேன்!
குமிழைத் திருப்பினால் விளக்கு அணைய மாட்டேன் என்கிறது.
சேற்றில் என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும்,
தாரில் அந்தச் சலுகை கிடையாது.
வளைவில் முன்சக்கரங்கள் சுற்றிப் போகும்,
பின்சக்கரங்கள் குறுக்கே வரும்,
இரண்டையும் ஒரே கணக்கில் பூட்டினால்
யார் விட்டுக்கொடுப்பது?
அச்சு முறுக்கிக்கொண்டது.

மே மாதத்திலிருந்து முறுக்கிக்கொண்டிருந்தவன்
வாயைத் திறந்தான்.
“ஹெலெத், கொஞ்சம் ரிவர்ஸ் எடு.”
“பின்னால் வீடு இருக்கிறது.”
“தெரியும். அரை அடி. நேராக.”

பின்னால் நாலு கார்கள் ஹாரன் அடிக்க
அரை அடி எடுத்தேன்.
அடியில் ‘டக்’ என்றது.
விளக்கு போய்விட்டது.
நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை,
நாய் கொட்டாவி விட்டது.

கோரிஸ் தாண்டி இறக்கம்.
தொடங்கும் முன்பே இரண்டாவதுக்கு இறங்கிவிட்டேன்.
வீடு முதுகில் கைவைத்துத் தள்ள,
எஞ்சின் இரு, இரு என்று முனகிக்கொண்டே வந்தது.
பிரேக்கை நான் தொடவில்லை.
இட்வாலின் வலது கால் மட்டும்
ஒவ்வொரு வளைவிலும்
அவன் பக்கம் இல்லாத ஒரு பெடலை மிதித்தது.
பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

நீட்டிவைத்த கண்ணாடியில் கார்கள் ரயில்போல் சேர்ந்துவிட்டன.
ஒதுங்குமிடம் வந்ததும் நின்றேன்.
ஒருவன் கை காட்டிப் போனான்,
ஒருத்தி விரல் காட்டிப் போனாள்.
“பதினாறு,” என்றான் இட்வால்.
பதினான்குதான்.
பாலா ஊர் வரும்வரை
அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டே போனோம்.