பிடித்தம்

இரண்டு வண்டிக்கும் ஒரே டிஸ்க்.
நூற்றறுபது மில்லிமீட்டர், ஒரே பில்லில் வாங்கியவை.
என் சக்கரம் இருபது அங்குலம்,
பெட்டி சுமக்கும் குட்டை.
ஜெரோமுடையது இருபத்தொன்பது; பக்கத்தில் நின்றால்
என் தொடைக்கு மேல் வரும்.

லோசானில் சமதளம் என்று ஒன்று
ஏரியின் மேல்தான் உண்டு.
வாலந்தான் தெருவின் உச்சியில் எங்கள் பேக்கரி,
வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் கீழே.
ஆறு மாதமாக இறங்குகிறேன்
இரண்டு விரலால்.
அவனோ நான்கையும் மடக்குவான், பல்லையும் கடிப்பான்.
கையில் வலுவில்லாதவன் என்றே நினைத்திருந்தேன்.

மார்ச் முதல் சனி. கலியாணக் கேக், மூன்றடுக்கு.
எனக்கு முதுகு பிடித்திருந்தது.
பெட்டி வண்டியை அவன் எடுத்தான்,
பாண் பையோடு அவனுடையதை நான்.
பாதிச் சரிவில் மழை.
ரிப்போன் சதுக்கத்தில் சிவப்பு.

என் இரண்டு விரல் வழக்கம்போல் சொல்லிப் பார்த்தன;
சக்கரம் காது கொடுக்கவில்லை.
வெள்ளைக் கோட்டைத் தாண்டி
ஒரு பஸ்ஸின் முகத்தருகே போய் நின்றேன்.
ஜெரோம் கோட்டுக்கு வெகு முன்னே நின்றான்,
நட்டு வைத்ததுபோல்.
கேக்கின் மேலடுக்கு நிற்கவில்லை.
சர்க்கரை மணமக்கள்
சாக்கடை வரை சேர்ந்தே போனார்கள்.

பெண்ணின் தாயார் தொலைபேசியில் சொன்னதை
எந்த மொழியிலும் எழுதக் கூடாது.

மாலையில், மா தூவிய மேசையில்
விரலால் இரண்டு வட்டம் வரைந்தேன்,
ஒன்று பெரிது, ஒன்று சிறிது.
நடுவில் ஒரே அளவுக் காசு வைத்தேன்.
அச்சிலிருந்து தரை எவ்வளவு தூரமோ
அவ்வளவு நீளம் சாலையின் கை.
டிஸ்க்கின் கை
இரண்டிலும் அரைச் சாண்கூட இல்லை.
நீண்ட கையோடு மல்லுக்கட்ட
நான்கு விரல் வேண்டும்தான், ஜெரோம்.
உன்மேல் பிழை இல்லை.
அந்த நான்கையும் என் குட்டைக்குக் கொடுத்தாய் பார்,
அதுதான்.

"அப்படியானால் சூடு?" என்றான்,
டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்த விரலைக் காட்டி.
சூட்டுக்குச் சக்கரம் தெரியாது.
எவ்வளவு பாரம், எவ்வளவு உயரத்திலிருந்து:
அது கேட்கும் கணக்கு அவ்வளவே.
என் சுட்டுவிரலிலும் அதே கொப்புளம்.

மதாம் பாஷுவுக்கு வட்டங்கள் புரியவில்லை.
மாவைத் துடைக்கச் சொன்னார்.
மாதக் கடைசியில்
இருவர் சம்பளத்திலும்
சரிசமமாகப் பிடித்தார்.
அவருக்கு ஒரு விரலே போதுமாயிருந்தது.