உறைதல்

அஸ்லாக் ஊட்சியை நான் பார்த்ததே இல்லை.
எனக்கு அவன் நீல மூடியிட்ட ஒரு குழாய்,
மேலே ஒட்டிய சீட்டில் பெயர், வயது, 02:14.

ஷீபொட்ன் பள்ளத்தாக்கில் பனிவண்டி கவிழ்ந்ததாம்.
இடுப்பெலும்பு பிளந்து, கலைமான்கள் சுற்றி நிற்க
நாற்பது நிமிடம் கிடந்தானாம்.
ஹெலிகாப்டர்க்காரர் சொன்னது அவ்வளவுதான்.
மிச்சத்தை ரத்தம் சொல்லட்டும் என்று
கருவியில் இரண்டு துளி விட்டேன்.

நல்ல ரத்தம் திரையில் ஒயின் கோப்பை வரையும்:
முதலில் மெல்லிய காம்பு, பிறகு அகன்ற வயிறு.
இவனுடையது வெகுநேரம் காம்பாகவே போனது.
பிறகு கொஞ்சம் விரிந்தது. விரிந்த கையோடு
தான் கட்டியதைத் தானே கரைத்து
மறுபடியும் கோடானது.

வெளியே ஆறு உறைந்திருந்தது.
ஜன்னல், கார்க் கதவு, என் மூச்சு பட்ட கம்பளிப் பட்டை,
எல்லாம் உறைந்திருந்தன.
ட்ரொம்சோவையே உறைய வைத்த அதே குளிர்தான்
இவனுக்குள் புகுந்து
ரத்தத்தை உறையவிடாமல் செய்தது.

மூன்று மணிக்கு எங்கள் குளிர்பெட்டி காலி.
தொலைபேசியில் எழுப்பினோம்.
மீன் ஆலையின் இரவு ஷிப்டிலிருந்து மூவர்,
பைஜாமா மேல் கோட் போட்ட பாதிரி ஒருவர்.
அவர்கள் கொடுத்த பைகள்
கையுறை வழியாகவும் சுட்டன.
04:50க்குத் திரையில் ஒரு கோப்பை.
கோணல்தான். ஆனாலும் கோப்பை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் நுரையீரல் சளி வந்தது.
காய்ச்சல் இல்லை என்று எழுதியிருந்தது,
நல்ல செய்தி போல.
வெள்ளணுக்களுக்குப் பஞ்சமில்லை.
முதல் இரவு கண்டதையெல்லாம் கடித்துக் குதறியவை
இப்போது வாசல் திறந்து கிடக்க
பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

வளர்ப்புத் தட்டை முகரக்கூடாது என்பது விதி.
மூக்கு விதிகளைப் படிப்பதில்லை.
மூடியைத் தூக்கினேன்: பச்சை மினுமினுப்பு,
அதன் மேல் திராட்சை வாசனை.
அன்று நிறையாத கோப்பைக்கு
இன்று பழம் அனுப்பியிருக்கிறது யாரோ.
சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை
வார்டிலிருந்து இங்கெபியோர்க் அழைத்தாள்.
முப்பத்தொன்பது புள்ளி இரண்டு, என்றாள் களைத்த குரலில்,
ஏறிக்கொண்டே போகிறது.
அப்படியா, என்றேன், முடிந்தவரை வருத்தமாக.

புதுக் குழாய் உள்ளங்கையில் இருந்தது.
யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு
அதனிடம் சொன்னேன்:
கொதி.
இன்னும் கொஞ்சம் கொதி.