ஓரிரு இடங்களில்

எங்கள் ஊரில் மலை இல்லை.
உயரமென்றால் ரயில்வே மேம்பாலம்,
அதற்கடுத்து தை மாசத்து வைக்கோல் போர்.
ஆனாலும் கார்த்திகை பிறந்துவிட்டால்
மலையில் என்ன வானிலை என்று கேட்டுவிட்டுத்தான்
பல் துலக்குகிறேன்.

பாமணியாற்றுக் கிளையில் ஏழு கண் சட்ரஸ்.
அதற்கு நான் லஸ்கர்.
கதவேற்றும் சக்கரம், கிரீஸ் டப்பா, டார்ச் லைட்,
தூணில் அடிக்கணக்கு எழுதிய கறுப்பு வெள்ளைப் பட்டை.
இவ்வளவுதான் அலுவலகம்.

வானொலியில் ஒரு பெண் வாசிக்கிறாள்:
“மேற்குத் தொடர்ச்சி மலையையொட்டிய மாவட்டங்களில்
ஓரிரு இடங்களில் கனமழை முதல் மிகக் கனமழை.”
ஓரிரு இடங்கள்.
அவற்றுக்குப் பெயர் இருக்கும்,
ரேஷன் கடை இருக்கும்,
கடை வாசலில் நனைந்து ஒதுங்கிய நாய் இருக்கும்.
எனக்குத் தெரிந்த இடத்தில் ஹாலன் இருக்கிறார்.

கோத்தகிரிக்கு மேலே
ஒரு தேயிலைத் தோட்டத்தில் மழைமானி பார்ப்பவர்.
காலை எட்டரைக்கு அளந்து
வாட்ஸ்அப்பில் எண்ணை மட்டும் அனுப்புவார்.
நாற்பத்திரண்டு.
அறுபத்தேழு.
வணக்கம் கிடையாது, நலமா கிடையாது.
நூற்றுப் பதினெட்டு அனுப்பிய அன்று மட்டும்
பக்கத்தில் ஒரு ஐயோ.

ஒருமுறை மலையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன்.
வந்தது. முழுக்க வெள்ளை.
மூலையில் வேலிக்கம்பி ஒன்று.
“இதுதான் மலை” என்றார்.
பதிலுக்கு நான் அனுப்பியதைப் பார்த்து
“நல்ல ஏரி” என்றார்.
அது வேம்பரசியின் குத்தகை வயல்,
எட்டு மா, தொண்டைக்கதிர்.
நான் திருத்தவில்லை.

அங்கே கொட்டுவது இங்கே அன்றே வருவதில்லை.
பவானியில் இறங்கி
அணையில் கொஞ்ச நாள் யோசித்து
கூடுதுறையில் காவிரியைப் பிடித்து
முக்கொம்பில் பாதியைக் கொள்ளிடத்துக்கு உதறிவிட்டு
கல்லணை தாண்டி வெண்ணாறாகி
என் ஏழு கண்ணுக்கு வர எட்டு நாள், சில சமயம் பத்து.
ஆகவே இன்று சட்ரஸில் இரைவது
ஹாலனின் போன செவ்வாய்க்கிழமை.
அவர் வீட்டில் துணி காய்கிறது.
நான் அவருடைய செவ்வாயில் இடுப்பளவு நின்று
வெங்காயத்தாமரையைக் கொக்கி போட்டு இழுக்கிறேன்.

மேல்கரை, தூக்கு என்கிறது.
கடைமடை, இறக்கு என்கிறது.
கடலில் ஓதம், வாங்க மாட்டேன் என்கிறது.
ஏ.இ. போனில் சொல்கிறார்:
“நிலைமைக்குத் தக்கபடி செய்யுங்க.”
நிலைமை என்பது நான்தான் போலிருக்கிறது.

வேம்பரசி தினமும் சாயங்காலம் வருவாள்.
சாப்பிட்டாச்சா என்று கேட்பவளில்லை.
சைக்கிளிலிருந்து இறங்காமல்
ஒரு காலைப் பாலத்தில் ஊன்றி,
“மலையில என்ன?”
இரண்டு நடவு அழுகி, இது மூன்றாவது.
மூன்றாவதற்கு வளையல் போனது.
நூற்றுப் பதினெட்டு வந்த அன்றும் கேட்டாள்.
அறுபத்தேழு என்று சொல்லிவிட்டேன்.

இன்று எட்டரைக்கு எண் வரவில்லை.
எட்டே முக்கால். ஒன்பது.
வானொலி மண்சரிவு என்று ஏதோ ஆரம்பிக்க
அணைத்துவிட்டேன்.
ஒன்பது இருபதுக்கு வந்தது:
சுழி.
கீழே ஒரு படம். மறுபடியும் வெள்ளை,
ஆனால் இந்த வெள்ளையில் புல் தெரிந்தது.
“முதல் உறைபனி. மழைமானி மூடி ஒட்டிக்கொண்டது.
வெந்நீர் ஊற்றித் திறந்தேன்.”
அவர் எனக்கு எழுதிய மிக நீளமான கடிதம்.

சாயங்காலம் படத்தைக் காட்டினேன்.
வேம்பரசி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.
“வேதாரண்யத்து உப்பளமா?”
மலை என்றேன். மழை விட்டாச்சு என்றேன்.
“இந்தச் சுழி நம்ம ஊருக்கு வர எத்தனை நாள்?”
எட்டு.
தலையாட்டினாள். பெடலைத் திருப்பினாள்.

“அதுக்கு முன்னாடி ஒண்ணு வருது” என்றேன்.

தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது.
அவள் முதல்முறையாக இறங்கி
சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டாள்.